வாயுவைக் கணக்கிட்ட மூன்று ஆய்வேடுகள்

1953ஆம் ஆண்டின் இறுதியில், மாஸ்கோவில் எம். வி. கெல்திஷ் தலைமையில் அப்போதுதான் தனியாகப் பிரிந்திருந்த பயன்பாட்டுக் கணித நிறுவனத்தில், செர்கேய் கோதுனோவ் என்ற 24 வயது ஆய்வாளரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. அதிர்ச்சி அலைகள் ஓடும் வாயுவின் நகர்வைக் கணக்கிட நம்பத்தகுந்த முறை ஒன்று வேண்டும். ‘ஸ்த்ரெலா’ என்னும் மின்னணுக் கணினி 1954 வசந்தத்தில் வந்து சேரும்போது அந்த முறை கைவசம் இருக்க வேண்டும். ஸ்த்ரெலா என்றால் அம்பு. அம்பு வந்து சேரும்வரை, முறையைச் சோதித்துப் பார்ப்பதற்கான கணக்குகளை மேசைக் கணக்கிடு பொறிகளோடு அமர்ந்திருந்த மனிதர்களே போட்டார்கள். கோதுனோவின் ஆய்வேடு அந்த நெருக்கடியில் உருவாகி 1954இலேயே முடிந்தது. ஒலியை மிஞ்சும் விமானம், வெடிப்பு, விண்மீன் சிதறல் ஆகியவற்றைக் கணிக்கும் இன்றைய நிரல்களில் பெரும்பகுதிக்கு அதுவே மூதாதை.

வாயு இயக்கவியலில் ஒருவர் திறன்மிக்க கணிப்பு முறைகளை உருவாக்கி முனைவர் பட்டம் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டால், வேகமான கணினிக்கு வேகமான நிரல் எழுதுகிறார் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த வேலையும் உண்டுதான். ஆனால் இந்தத் துறையில் கணிப்பின் செலவைப் பல நூறு மடங்கு குறைத்த அடிகளைத் திரும்பிப் பார்த்தால், வாயுவின் எந்த இடத்தில் எவ்வளவு கணக்கைச் செலவிடுவது என்ற ஒரே கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளாக அவை தென்படுகின்றன. அந்த விடைகளில் முக்கியமான மூன்று, இளம் ஆய்வாளர்களின் ஆய்வேடுகளில் பிறந்தவை, அல்லது ஆய்வேட்டின் ஈரம் காய்வதற்குள் அதை ஒட்டி எழுதப்பட்டவை.

செலவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பாகுநிலையை, அதாவது வாயுவுக்குள்ளே எழும் உராய்வை, புறக்கணித்தால், வாயுவின் ஓட்டத்தை ஆள்பவை மூன்று அழியாமை விதிகள்: நிறை, உந்தம், ஆற்றல். ஆய்லர் 1757இல் வெளியிட்ட சமன்பாடுகளோடு ஆற்றலுக்கான சமன்பாட்டைச் சேர்த்தால் முழுமையாகிவிடும். உந்தத்துக்கு மூன்று திசைகள் இருப்பதால் ஒவ்வோர் இடத்திலும் ஐந்து எண்களைப் பின்தொடர வேண்டும். கணினி கையாளும் வகையில் இடத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, காலத்தையும் சிறு அடிகளாக நறுக்கி, ஒவ்வோர் அடியிலும் ஒவ்வொரு கட்டத்தின் ஐந்து எண்களையும் புதுப்பிக்கிறோம். ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுர இடத்தை ஒரு மில்லிமீட்டர் கட்டங்களாக வெட்டினால் 100 கோடி கட்டங்கள் கிடைக்கும். காலத்தின் அடியை நம் வசதிப்படி நீளமாக வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒரே அடியில் ஓர் அலை ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டிவிட்டால் பெரும்பாலான முறைகள் குலைந்து போகும் என்பதை, கணினி என்ற பொருளே இல்லாத 1928இல், கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் காட்டிவிட்டார்கள். அறைக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒரு மில்லிமீட்டரைக் கடக்க அதற்கு மூன்று மைக்ரோநொடிகூட ஆகாது. ஆக, ஒரு நொடி ஓட்டத்தைக் கணிக்கக் குறைந்தது 3,40,000 அடிகள், அடிக்கு 100 கோடி கட்டங்கள். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும், அடிகள் இரு மடங்காகும், மொத்தச் செலவு 16 மடங்காகும். இந்தத் துறையில் வேலை செய்பவர்களின் தலைக்கு மேல் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பது இந்த 16தான்.

இதற்கு மேல் அதிர்ச்சி அலையின் தொல்லை வேறு. ஒலியைவிட வேகமாக நகரும் பொருளின் முன்னாலும் வெடிப்பின் விளிம்பிலும், அழுத்தமும் அடர்த்தியும் ஒரு மெல்லிய தாளுக்குள் சட்டென்று எகிறுகின்றன. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதுவதற்கு முன் சராசரியாகச் செல்லும் தொலைவு 0.07 மைக்ரான் அளவே. அதிர்ச்சி அலையின் தடிமன் அதைப் போலச் சில மடங்குதான். அதை உள்ளபடியே காட்ட 0.1 மைக்ரான் கட்டங்கள் வைத்தால், நம் ஒரு மீட்டர் கனசதுரத்துக்கு 1க்குப் பின் 21 சுழியங்கள் போடும் அளவுக்குக் கட்டங்கள் தேவைப்படும். எந்தக் கணினியாலும் ஆகாத காரியம் அது. ஆகவே அதிர்ச்சி அலையை உள்ளதைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிமனாக வரைந்தே ஆக வேண்டும், அப்படி வரைந்தும் அது சரியான வேகத்தில் சரியான வலிமையோடு நகர வேண்டும்.

ஜான் வான் நியூமனும் ராபர்ட் ரிச்ட்மயரும் 1950இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வாயு நெருக்கப்படும் இடங்களில் மட்டும் செயற்கையாகப் பாகுநிலையைக் கூட்டிவிட்டால், அதிர்ச்சி அலை சில கட்டங்களுக்குப் பரவி மென்மையாகிவிடும். வழி நல்ல வழிதான், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குறை என்னவென்றால், எவ்வளவு பாகுநிலை என்பதைக் கணக்குப் போடுபவரே தீர்மானிக்க வேண்டும். சமையலில் உப்புப் போடுவது போல: குறைந்தால் அலையின் பின்னால் பொய்யான நடுக்கங்கள் எழும், மிகுந்தால் எல்லாம் மழுங்கும்.

கோதுனோவின் முறையில் அப்படித் திருகிப் பார்க்க வேண்டிய குமிழே இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வாயு ஒரே சீராக இருப்பதாக, அதாவது கட்டத்தின் சராசரியே கட்டம் முழுக்க நிலவுவதாக, அவர் வைத்துக்கொண்டார். அப்படியானால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் எல்லையில் இரு வேறு நிலையிலுள்ள வாயுக்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒரு குழாயின் நடுவே சவ்வு வைத்து, ஒரு புறம் அழுத்தம் மிகுந்த வாயுவையும் மறுபுறம் அழுத்தம் குறைந்த வாயுவையும் அடைத்து, சட்டென்று சவ்வைக் கிழித்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஒவ்வொரு கட்ட எல்லையிலும் ஒவ்வோர் அடியிலும் ஆகிறது. இந்தச் சிக்கலுக்கான விடைக்கு வழிவகுத்தது பெர்ன்ஹார்ட் ரீமான் 1860இல் வெளியிட்ட கட்டுரை. அவர் பெயராலேயே அது ரீமான் சிக்கல் எனப்படுகிறது. அந்த விடையைக் கொண்டு எல்லையைக் கடக்கும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் பாயத்தை, அதாவது கடந்துபோகும் அளவை, கணக்கிட்டு, ஒரு கட்டத்திலிருந்து கழித்ததை அப்படியே அடுத்த கட்டத்தில் கூட்டினால் ஓர் அடி முடிந்தது. கழித்ததும் கூட்டியதும் ஒரே எண் என்பதால் மொத்தக் கணக்கில் ஒரு துளியும் சிந்துவதில்லை. அதிர்ச்சி அலை தடித்துத் தெரிந்தாலும் சரியான வேகத்தில் நகர்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு நேர்மைதான்.

இதை எண்களோடு பார்ப்பது நல்லது. 1978இல் கேரி சோட் வெவ்வேறு முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்திய குழாய் ஒன்று, இன்று இத்துறை மாணவர்களின் அரிச்சுவடியாகிவிட்டது. குழாயின் நீளம் 1. நடுவில் சவ்வு. இடப்புறம் அடர்த்தி 1, அழுத்தம் 1. வலப்புறம் அடர்த்தி 0.125, அழுத்தம் 0.1, வாயு இரு புறமும் அசையாமல் நிற்கிறது. சவ்வு கிழிந்து 0.2 கால அலகு கழிந்ததும் குழாய்க்குள் மூன்று காட்சிகள் தெரியும். 0.850 என்ற இடத்தில் அதிர்ச்சி அலை வலப்புறமாக ஓடிக்கொண்டிருக்கும். 0.685இல், முதலில் சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்த இரு வாயுக்களின் எல்லை நிற்கும். அங்கே அழுத்தமும் வேகமும் இரு புறமும் ஒன்றே, அடர்த்தி மட்டும் 0.426லிருந்து 0.266க்கு விழும். இடப்புறத்தில் 0.263க்கும் 0.486க்கும் இடையே, வாயு மெல்ல விரிந்து தளரும் அலை விசிறி போல் பரந்திருக்கும்.

கோதுனோவின் முறையில் 100 கட்டங்களோடு இதைக் கணக்கிட்டால், அதிர்ச்சி அலை சில கட்டங்களுக்குள் அடங்கி உரிய இடத்தில் நிற்பதைக் காணலாம். பின்னாலுள்ள வாயு முன்னாலுள்ளதைத் துரத்தி வந்து நெருக்கிக்கொண்டே இருப்பதால், அலை தன்னைத் தானே கூர்மையாக்கிக்கொள்கிறது. இரு வாயுக்களின் எல்லைக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அது பத்துக்கும் மேற்பட்ட கட்டங்களில் கரைந்து கிடக்கும், நேரம் ஆக ஆக இன்னும் கரையும். முறை உறுதியானது, ஆனால் மங்கலானது. அந்த மங்கலைப் போக்க முடியுமா என்று தேடப்போய்த்தான், முடியாது என்ற புகழ்பெற்ற தேற்றத்துக்குக் கோதுனோவ் வந்து சேர்ந்தார். என் கணிப்பில் அந்த ஆய்வேட்டின் பெருமதிப்பு முறையைவிட இந்தத் தேற்றத்தில்தான் இருக்கிறது.

தேற்றத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் சரிபார்க்கலாம். வாயுவையே விட்டுவிட்டு, ஒரு படிக்கட்டு வடிவம் வலப்புறமாக நகர்வதை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆறு கட்டங்களில் மதிப்புகள் 1, 1, 1, 0, 0, 0. ஓர் அடிக்கு அரைக் கட்டம் நகர்கிறது. கோதுனோவ் முறையில் ஒரு கட்டத்தின் புதிய மதிப்பு, தன் பழைய மதிப்பும் இடப்புறக் கட்டத்தின் பழைய மதிப்பும் சேர்ந்த சராசரி. முதல் அடியில் 1, 1, 1, 0.5, 0, 0. இரண்டாம் அடியில் 1, 1, 1, 0.75, 0.25, 0. எந்த மதிப்பும் 1ஐத் தாண்டவில்லை, 0க்குக் கீழே போகவில்லை. ஆனால் செங்குத்தான படி சரிவாகிவிட்டது. இப்போது லாக்ஸ், வெண்ட்ராஃப் இருவரும் 1960இல் தந்த, துல்லியத்தில் ஒரு படி உயர்ந்த முறையை எடுப்போம். அதில் புதிய மதிப்பு என்பது இடப்புறக் கட்டத்தின் 0.375 பங்கு, தன் மதிப்பின் 0.75 பங்கு, வலப்புறக் கட்டத்தின் மைனஸ் 0.125 பங்கு. மூன்றாம் கட்டத்துக்குப் போட்டுப் பார்த்தால் 1.125 வருகிறது. இல்லாத மேடு ஒன்று முளைத்துவிட்டது. படியைத் திருப்பி 0, 0, 0, 1, 1, 1 என்று வைத்தால் அதே கட்டத்தில் மைனஸ் 0.125 வரும். இந்த எண் அடர்த்தியாக இருந்தால், வெற்றிடத்தைவிடக் குறைந்த அடர்த்தி என்று பொருள். அழுத்தமாக இருந்தால், அடுத்த அடியில் ஒலியின் வேகத்துக்காக எதிர்ம எண்ணின் வர்க்கமூலத்தை எடுக்கப்போய் நிரல் அங்கேயே விழுந்துவிடும்.

குற்றவாளி அந்த மைனஸ் பங்குதான். அதைத் தவிர்க்க முடியுமா? புதிய மதிப்பைத் தீர்மானிக்கும் பங்குகள் எல்லாம் நேர்மமாக இருக்கட்டும், கூட்டினால் 1 ஆகட்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தப் பங்குகளை ஒரு நிகழ்தகவுப் பரவலாகப் பார்க்கலாம். நேர்கோடு ஒன்று சரியாக நகர வேண்டுமானால் பரவலின் சராசரி, வடிவம் எத்தனை கட்டம் நகர்கிறதோ அந்த அளவுக்குப் பின்னால் விழ வேண்டும். ஒரு பரவளையமும் சரியாக நகர வேண்டுமானால், சராசரியைச் சுற்றியுள்ள சிதறல் சுழியமாக இருக்க வேண்டும். நேர்மப் பங்குகளில் சிதறல் சுழியம் என்றால் மொத்தப் பங்கும் ஒரே கட்டத்தில் குவிந்திருக்கிறது என்று பொருள். வடிவமோ அரைக் கட்டம் நகர்கிறது, அரைக் கட்டத்தில் குந்துவதற்குக் கட்டம் இல்லை. ஆக, பொய்யான மேடுபள்ளங்களைக் கிளப்பாத, பங்குகள் மாறாத எந்த முறையும் முதல்படித் துல்லியத்தை, அதாவது கட்டத்தைப் பாதியாக்கினால் பிழையும் பாதியாகும் நிலையை, தாண்ட முடியாது.

இந்த ஆய்வை அச்சில் ஏற்றுவதற்குக் கோதுனோவ் பட்ட பாட்டை அவரே நினைவுக் குறிப்பாகப் பின்னர் எழுதியிருக்கிறார். இயந்திரவியல் இதழ் இது வெறும் கணிதம் என்று திருப்பி அனுப்பியது, கணித இதழ் இது வெறும் இயந்திரவியல் என்றது. ஆய்வேடு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1959இல், கணிதவியலாளர் பெத்ரோவ்ஸ்கியின் உதவியால் ‘மத்தேமத்திச்செஸ்கி ஸ்போர்னிக்’ இதழில் அது வெளிவந்தது. இரண்டு துறைகளின் எல்லையில் நிற்கும் ஆய்வேட்டுக்கு இன்றும் இதே வரவேற்புத்தான் என்பதை அந்த எல்லையில் நின்றவர்கள் அறிவார்கள்.

தேற்றத்தில் ஒரு சிறு சொல் ஒளிந்திருக்கிறது: பங்குகள் மாறாத. வாயுவைப் பார்த்துப் பங்குகளை மாற்றிக்கொள்ளும் முறையாக இருந்தால் தேற்றம் அதைக் கட்டுப்படுத்தாது. இந்த இடுக்கின் வழியே நுழைந்தவர்களில் பெரும் பெயர் பெற்றவர் பிராம் வான் லேர். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் வானியல் சூழலில் வளர்ந்த அவர், அமுக்கத்தக்க ஓட்டத்துக்கான வேறுபாட்டு முறைகளைப் பற்றிய ஆய்வேட்டை 1970இல் முடித்தார். 1973 முதல் 1979 வரை ஒரே பொதுத்தலைப்பில் ஐந்து கட்டுரைகளைத் தொடராக எழுதினார். கட்டத்துக்குள் வாயு சீராக இருப்பதாக வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, சாய்வாக இருப்பதாக அவர் வைத்துக்கொண்டார். எவ்வளவு சாய்வு என்பதைப் பக்கத்துக் கட்டங்களே சொல்லும், ஆனால் ஒரு கடிவாளத்தோடு. கடிவாளத்தின் மிக எளிய வடிவம் இது: அடுத்தடுத்த மூன்று கட்டங்களில் 2, 4, 7 என்று இருந்தால் இரு வேறுபாடுகள் 2, 3, இரண்டும் ஒரே திசையில் ஏறுவதால் சிறியதான 2ஐச் சாய்வாக எடுத்துக்கொள். 4, 7, 5 என்று இருந்தால் ஏற்றமும் இறக்கமும் எதிரெதிர். நடுக் கட்டத்தில் சாய்வே வேண்டாம், பழையபடி சீராக வைத்துவிடு. நம் படிக்கட்டில் மூன்றாம் கட்டத்துக்கு ஒரு புறம் வேறுபாடு 0, மறுபுறம் மைனஸ் 1. சாய்வு சுழியமாகிறது, 1.125 முளைப்பதில்லை. வாயு அமைதியாக இருக்கும் இடத்தில் இரண்டாம்படித் துல்லியம் (கட்டத்தைப் பாதியாக்கினால் பிழை கால் பங்காகும்), திடீர் மாற்றம் உள்ள இடத்தில் கோதுனோவின் பழைய உறுதி.

இதன் இலாபத்தைப் பண மொழியில் சொல்லிவிடலாம். அமைதியான ஓட்டத்தில் பிழையை 16இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல்படி முறையில் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டங்களை 16 மடங்காக்க வேண்டும். மூன்று பக்கங்களும் காலமும் சேர்ந்து செலவு 65,536 மடங்கு. இரண்டாம்படி முறையில் பக்கத்துக்கு 4 மடங்கு போதும். செலவு 256 மடங்கு. ஒரு கட்டத்துக்கான வேலை கொஞ்சம் கூடினாலும் அது இந்த வித்தியாசத்தின் முன் தூசு. அதிர்ச்சி அலையின் மேலேயே இந்தச் சலுகை கிடைக்காது. அங்கே எல்லா முறைகளும் முதல்படிக்கு இறங்கிவிடுகின்றன. அதைச் சொல்லாமல் விடும் விளம்பரங்களை ஆய்வுக் கட்டுரைகளிலும் பார்த்திருக்கிறேன்.

இந்த இடுக்கைக் கண்டுபிடித்தவர் வான் லேர் மட்டும் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் ஜே போரிஸும் டேவிட் புக்கும் 1973இல் வேறொரு பாதையில் இதே இடத்துக்கு வந்தார்கள். இருவருக்கும் முன்னதாக, 1972இல், சோவியத் வானூர்தி ஆய்வு நிறுவனமான த்சாகியின் வெளியீட்டில் விளாதிமிர் கோல்கன் என்பவர் கட்டத்துக்குள் சாய்வும் அதற்குக் கடிவாளமும் வைத்துக் கோதுனோவின் முறையை உயர்த்தியிருந்தார். அந்தக் கட்டுரை ரஷ்ய மொழியிலேயே கிடந்தது. கோல்கன் 1978இல் இறந்துபோனார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011இல், அது ஆங்கிலத்தில் மறுபதிப்பானபோது, இது வரலாற்றின் பார்வைப் பிழை என்று கூடவே கட்டுரை எழுதி முன்னுரிமையைக் கோல்கனுக்குக் கொடுத்தவர் வான் லேரே.

இதற்கிடையே ரீமான் சிக்கலைத் தீர்க்கும் செலவும் குறைந்தது. ஒவ்வொரு கட்ட எல்லையிலும் அதன் சரியான விடையைக் காண, ஒரு சமன்பாட்டைத் திரும்பத் திரும்பத் திருத்தித் தீர்க்க வேண்டும். அப்படி அரும்பாடுபட்டுக் கண்ட விடையின் பெரும்பகுதியைச் சராசரி எடுத்து அடுத்த நொடியே தூக்கி எறிகிறோம். தோராய விடையே போதாதா என்று கேட்ட பிலிப் ரோ 1981இல் ஒரு வழியும், ஹார்ட்டன், லாக்ஸ், வான் லேர் மூவரும் 1983இல் இன்னொரு வழியும் தந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். எம். தேஷ்பாண்டே 1980களில் ரீமானையே ஒதுக்கிவிட்டு, மூலக்கூறுகளின் வேகப் பரவலிலிருந்து தொடங்கினார்: எல்லையை நோக்கி வலப்புறம் போகும் மூலக்கூறுகள் இடக் கட்டத்திலிருந்து வருபவை, இடப்புறம் போகும் மூலக்கூறுகள் வலக் கட்டத்திலிருந்து வருபவை, இரண்டு ஓட்டங்களையும் கூட்டினால் பாயம் கிடைத்துவிடும்.

மூன்றாவது ஆய்வேடு கட்டங்களையே கேள்வி கேட்டது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஓலிகரின் வழிகாட்டலில் மார்ஷா பெர்கர் 1982இல் முடித்த ஆய்வேடு அது. அதிர்ச்சி அலை முப்பரிமாண இடத்தில் ஒரு மெல்லிய பரப்பு மட்டுமே. அந்தப் பரப்பு போகும் இடத்துக்காக மொத்த இடத்தையும் நுண்ணிய கட்டங்களாக வெட்டுவது, ஒரு வரி படிக்க ஊர் முழுக்க விளக்குப் போடுவது போன்றது. பெர்கரின் முறையில் முழு இடத்துக்கும் முதலில் பெருங்கட்டங்கள். எங்கே பிழை மிகுகிறதோ அங்கே மட்டும் நுண்கட்டங்களால் ஆன செவ்வக ஒட்டுகள். அவற்றின் மேல் தேவைப்பட்டால் இன்னும் நுண்ணிய ஒட்டுகள். அலை நகர நகர ஒட்டுகளும் கூடவே நகரும்.

மீண்டும் எண்களுக்கு வருவோம். பக்கத்துக்கு 128 என்றால் 20,97,152 கட்டங்கள். கட்டத்துக்கு ஐந்து எண்கள், எண்ணுக்கு 8 பைட் என்று வைத்தால் 84 மெகாபைட். இதை இரு முறை நான்கு நான்காகப் பிரித்து எங்கும் நுண்ணியதாக்கினால் பக்கத்துக்கு 2,048, மொத்தம் 859 கோடி கட்டங்கள், 344 ஜிகாபைட். அதிர்ச்சி அலை அந்த இடத்தைக் குறுக்கே வெட்டும் ஒரு பரப்பு, அதன் தடிமனுக்கு எட்டு நுண்கட்டங்கள் போதும் என்றால், தேவைப்படும் நுண்கட்டங்கள் 3.36 கோடி, 1.3 ஜிகாபைட். முழுதும் நுண்ணிய வலையில் 256இல் ஒரு பங்கு. முன்னதுக்குக் கணினிக் கூட்டம் ஒன்று வேண்டும், பின்னது மடிக்கணினியில் அடங்கிவிடும். காலத்திலும் இதே சிக்கனம்: நுண்கட்டங்கள் 16 சிற்றடிகள் வைக்கும் நேரத்தில் பெருங்கட்டங்கள் ஒரே ஓர் அடி வைக்கின்றன.

கேட்கும்போது எளிது. செய்யும்போது ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கேள்வி நிற்கிறது. பிழை எங்கே மிகுகிறது என்று விடை தெரியாமலே எப்படி அறிவது? ஒரே ஓட்டத்தை இரு சிற்றடிகளிலும், இரு மடங்கு பெரிய கட்டத்தில் ஒரு பேரடியிலும் கணக்கிட்டு, இரண்டும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கே கொடி நடு என்பது பெர்கரும் ஓலிகரும் 1984இல் வெளியிட்ட கட்டுரையின் பதில். சிதறிக் கிடக்கும் கொடிகளை வீண்பரப்பு அதிகமில்லாத செவ்வகங்களுக்குள் எப்படி அடக்குவது? படங்களில் விளிம்பைக் கண்டறியும் கணினிப் பார்வைத் துறையிலிருந்து ஓர் உத்தியை இரவல் வாங்கி, பெர்கரும் ரிகுட்சோஸும் 1991இல் அதற்கு வழி செய்தார்கள். எல்லாவற்றிலும் நுட்பமானது மூன்றாவது கேள்வி: பெருங்கட்டமும் நுண்கட்டமும் சந்திக்கும் எல்லையில், பெருங்கட்டம் கணக்கிட்ட பாயமும் 16 சிற்றடிகளில் நுண்கட்டங்கள் கணக்கிட்ட பாயங்களின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போவதில்லை. அப்படியே விட்டால் எல்லையில் நிறையும் ஆற்றலும் கசியும், அதிர்ச்சி அலையின் வேகம் தப்பும். பெர்கரும் பிலிப் கொலெல்லாவும் 1989இல் கடைக்காரர் முறையில் இதைத் தீர்த்தார்கள்: வித்தியாசத்தை ஒரு தனிப் பேரேட்டில் எழுதி வைத்து, அடி முடிந்ததும் பெருங்கட்டத்தின் கணக்கில் வரவு வைத்துவிடுவது. கோதுனோவின் கணக்கு நேர்மை ஒட்டுப் போட்ட வலையிலும் இப்படித்தான் காப்பாற்றப்பட்டது.

இன்று இத்துறையில் ஆய்வேடு எழுதுபவரின் கையில் இந்த மூன்றும் தொடக்கத்திலேயே இருக்கின்றன. அவருடைய நெருக்கடி வேறு. ஒரு கூட்டலோ பெருக்கலோ இன்று கிட்டத்தட்ட இலவசம். அதற்கு வேண்டிய எண்ணை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதுதான் செலவு. கட்டத்துக்கு 40 பைட் எடுத்து வந்து, அதில் பத்துப் பதினைந்து கணக்குகள் மட்டும் போட்டுவிட்டுத் திருப்பி வைக்கும் முறை, வரைகலைச் செயலியை (GPU) வேலையில்லாமல் நிறுத்திவைக்கும். எடுத்து வந்த எண்ணில் அதிகக் கணக்குப் போடும் உயர்படி முறைகளின் பக்கம் பலர் திரும்பியதற்கு இது ஒரு காரணம். ஆனால் பெர்கரின் நகரும் ஒட்டுகளோ ஒழுங்கற்றவை; ஆயிரக்கணக்கான சிற்றலகுகள் ஒரே வேலையை அணிவகுத்துச் செய்தால் மட்டுமே வேகம் காட்டும் செயலிக்கு அவை உவப்பானவை அல்ல. 256 மடங்கு மிச்சத்தில் எவ்வளவு அந்த ஒழுங்கின்மைக்கே போய்விடுகிறது என்பதை அளந்து குறைப்பதே சில ஆய்வேடுகளின் முழு வேலை.

மறுபுறம், பழைய முறைகளுக்குள்ளேயே தீராத வழக்குகளும் இருக்கின்றன. ஒலியைவிடப் பல மடங்கு வேகமாக வரும் காற்று மழுங்கிய மூக்குள்ள ஒரு பொருளின் மேல் மோதும்போது, அதன் முன்னால் வில் போல் வளைந்த அதிர்ச்சி அலை நிற்க வேண்டும். ரோவின் முறை உட்படப் பல கூர்மையான முறைகள், அலை கட்டங்களின் வரிசையோடு ஒத்து நிற்கும் இடத்தில், வில்லின் நடுவே கொப்புளம் போன்ற பொய்யான ஒரு புடைப்பைக் காட்டுகின்றன. பீரியும் இம்லேயும் 1988இல் இதைச் சுட்டினார்கள். கட்டங்களை நுண்ணியதாக்கினாலும் அது போவதில்லை. ஹார்ட்டன், லாக்ஸ், வான் லேர் வழியில் வந்த மங்கலான முறையில் அந்தக் கொப்புளம் எழுவதில்லை. ஆனால் அந்த முறை இரு வாயுக்களின் எல்லையைக் கரைத்துவிடும். அதனால் அதிர்ச்சி அலையின் அருகே மங்கலான முறை, மற்ற இடங்களில் கூர்மையான முறை என்று இடம் பார்த்து மாற்றிக்கொள்ளச் சொன்னார் ஜேம்ஸ் குவிர்க், 1994இல் வந்த கட்டுரையில். பல நிரல்கள் இன்றும் அவ்வாறே ஓடுகின்றன. எந்தக் கட்டத்தில் எந்த முறை என்று முடிவு செய்யும் அந்த ஒரு வரி நிபந்தனையை மட்டும் ஒவ்வோர் ஆய்வாளரும் தமக்கு ஏற்றபடி திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.